மாவு சொன்னபடி கேட்காதபோது: இத்தாலியப் பாஸ்தா வகுப்பில் குறை கண்டு சரிசெய்யும் வழி

வட இத்தாலியின் பொலோன்யாவில் பாஸ்தா வகுப்புக்குப் போன முதல் நாள், நான் பூரணம் வைத்து மடித்த தொர்தெல்லோனி என்னும் பாஸ்தாக்களில் பாதி கொதிநீரில் வாய் திறந்துகொண்டன. தண்ணீர் அதிகம் கொதிக்கிறதோ என்று அடுப்பைக் குறைக்கப் போனேன். கற்றுக்கொடுத்த அம்மா பானையின் பக்கம் திரும்பவே இல்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டிப் பூரணத்தை ஒரு விரலால் அழுத்தினார். விரல் பட்ட பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது. அந்த ஈரம்தான் மாவின் ஓரத்தை இளக்கி, ஒட்டிய இடத்தைப் பிரித்துவிட்டிருக்கிறது. பானையில் தெரிந்த குறை, ஒரு மணி நேரத்துக்கு முன்பே கிண்ணத்தில் நேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வகுப்புகளுக்குப் போனேன். ஒன்று அதே ஊரில், இன்னொன்று தெற்கே பாரியில். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். பாஸ்தாவில் குறை தெரிகிற இடம் ஒன்று, நேர்ந்த இடம் வேறு. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் கைவேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு படி, முடிந்தால் இரண்டு படி, பின்னால் போய்ப் பாருங்கள்.

பொலோன்யாவில் கையால் தேய்க்கும் முட்டை மாவுத் தகட்டுக்கு ஸ்ஃபோல்யா என்று பெயர். அதைத் தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களை ஸ்ஃபோல்யீனா என்பார்கள். கைப்பிடி இல்லாத நீளமான உருட்டுக்கட்டைக்குப் பெயர் மத்தரெல்லோ. இந்த மூன்று சொற்களும் வகுப்பில் ஓயாமல் காதில் விழும்.

செய்முறை வகுப்பு என்று பணம் கட்டினேன், வேடிக்கை பார்க்கும் வகுப்பாக இருக்கிறது

குறை முன்பதிவில் இருக்கிறது. "நேரடிப் பயிற்சி" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு பலகையும் ஒரு மத்தரெல்லோவும் உண்டா? மாவை நாங்களே பிசைவோமா, பிசைந்து வைத்ததைத் தருவீர்களா? எத்தனை பேர்? நான் போன ஓரிடத்தில் பதினான்கு பேருக்கு நான்கு கட்டைகள்தான் இருந்தன. தேய்க்கும் வேலை என் கைக்கு வந்தபோது வகுப்பு முடிய இருபது நிமிடங்கள் மீதி. பிசைந்து, ஊறவிட்டு, தேய்த்து, வெட்டி, சமைத்துச் சாப்பிட மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்பு என்றால் ஏதோ ஒரு படியை வேறு யாரோ முன்பே முடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அன்றைய தினமே சமாளிக்க வேண்டுமானால், பலகைக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டு "போஸ்ஸோ ப்ரோவாரே?" என்று கேளுங்கள். நான் செய்து பார்க்கலாமா என்று அர்த்தம். இப்படிக் கேட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

சைவம் என்று சொல்லியும் தட்டில் இறைச்சி வந்தது

பெரும்பாலும் ஓர் எழுத்துத்தான் காரணம். தொர்தெல்லினி வேறு, தொர்தெல்லோனி வேறு. "னி"க்கு முன்னால் "லி" வந்தால் சிறியது, உள்ளே இறைச்சி. "லோ" வந்தால் பெரியது, வழக்கமாக உள்ளே ரிக்கோட்டாவும் கீரையும். தொர்தெல்லினியின் பூரணத்துக்கு 1974 டிசம்பர் 7 அன்று பொலோன்யா வணிகச் சபையில் ஒரு செய்முறையைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள்: பன்றியின் முதுகுத் தசை, ப்ரொஷூத்தோ, மொர்த்ததெல்லா என்ற பன்றி இறைச்சி வகைகள், பார்மிஜானோ பாலாடைக்கட்டி, முட்டை, ஜாதிக்காய். பரிமாறுவதும் இறைச்சிச் சாற்றில்தான். இதில் சைவ வடிவம் கேட்பதைவிட, தொர்தெல்லோனி வகுப்பாகப் பார்த்துச் சேர்வது இரு தரப்புக்கும் நல்லது. ரகூ என்கிற சாஸில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேரும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களும், பன்றி மட்டும் ஆகாது என்பவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. இத்தாலியில் "வெஜெத்தாரியானோ" என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்பவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை இட்டுத்தான் உறையவைக்கிறார்கள். வேறு வகையில் உறையவைத்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. இது உங்களுக்கு ஆகாது என்றால், மேலே துருவிப் போட வேண்டாம் என்று சொல்வது போதாது, பூரணத்திலும் அது இருக்கும்.

முட்டையே சாப்பிடாதவர்கள் பொலோன்யா வகுப்புக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அங்கே முட்டைதான் மாவு. அவர்களுக்கு பாரி இருக்கிறது. அங்கே கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மாவுக் குழி உடைந்து முட்டை பலகையில் ஓடுகிறது

பயப்பட வேண்டாம், கையால் துரத்தவும் வேண்டாம். கையால் துரத்தினால் முட்டை விரல்களில் ஒட்டி, உருண்டைக்குப் போக வேண்டிய ஈரம் வீணாகும். பக்கத்தில் இருக்கும் தட்டைச் சுரண்டியை எடுத்து, வெளியே இருக்கும் மாவை ஓடும் முட்டையின் மேல் தள்ளி மூடுங்கள். இரண்டு தள்ளில் நின்றுவிடும்.

காரணம்: குழி குறுகல், கரை மெல்லியது. மாவைக் குவித்து உச்சியில் துளையிடுவது போலச் செய்தால் உடையத்தான் செய்யும். முஷ்டியால் நடுவில் சுழற்றி, அகலமான கிணறு போல ஆக்கி, பலகை தெரியும்வரை விலக்குங்கள். முட்டையை உள்ளேயே முள்கரண்டியால் நன்றாக அடித்துவிட்டு, பிறகு உட்கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாவை இழுங்கள். குழம்பு கெட்டியானபின் கரை உடைந்தாலும் எதுவும் ஓடாது.

மாவு உதிர்கிறது, சேரவே மாட்டேன் என்கிறது

நம் கை உடனே தண்ணீர்ச் செம்பைத் தேடும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை அப்படித்தான். ஆனால் இங்கே அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் மற்ற குறைகளுக்கெல்லாம் தாய்.

கணக்கு இது: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. ஐரோப்பாவில் நடுத்தர அளவு முட்டை என்றால் ஓட்டோடு 53 முதல் 63 கிராம் வரை. உள்ளே இருப்பது ஏறத்தாழ 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படியானால் 100 கிராம் மாவுக்குக் கிடைக்கும் தண்ணீர் 40 கிராமுக்கும் குறைவு. சப்பாத்தி மாவுக்கு நாம் ஊற்றுவது இதைவிட எவ்வளவோ அதிகம். அதனால் இந்த மாவு முதலில் கையில் கல் மாதிரி இருப்பதே முறை. பூரி மாவின் இறுக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் கூட.

செய்ய வேண்டியது: உதிரியாக இருப்பதை எல்லாம் கூட்டி ஒரு குவியலாக்கி, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். திரும்ப எடுக்கும்போது வேறு மாவு போல இருக்கும். அப்போதும் சேரவில்லையென்றால்தான் கையைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, அந்த ஈரக் கையோடு பிசையுங்கள். ஊற்றக் கூடாது. பலகையில் காய்ந்து ஒட்டிய துகள்களை உருண்டைக்குள் திணிக்கவும் கூடாது. அவை கரையாது, தேய்க்கும்போது தகட்டில் குத்தி ஓட்டை போடும்.

அடுத்த முறைக்கு: தொடக்கத்திலேயே இரண்டு கரண்டி மாவைத் தனியே ஒதுக்கிவையுங்கள். எல்லா மாவையும் உள்ளே சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கையிலும் பலகையிலும் ஒட்டிக்கொள்கிறது

முட்டை பெரிது, அல்லது அன்று காற்றில் ஈரம் அதிகம். ஒதுக்கிவைத்த மாவு இப்போதுதான் உதவும். முதலில் பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், கைகளை ஒன்றோடொன்று தேய்த்து ஒட்டியதை உதிருங்கள், பிறகு ஒரு சிட்டிகை மாவு தூவிப் பிசையுங்கள். அழுக்குப் பலகையில் எவ்வளவு மாவு தூவினாலும் ஒட்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டீர்களா என்று இந்த இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வளையல் மாவை அள்ளிக்கொள்வது ஒரு தொல்லை. பின்னால் தகட்டின் மேல் கோடு கிழிப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

தேய்த்தால் நீள்கிறது, கட்டையை எடுத்ததும் சுருங்கிக்கொள்கிறது

மாவு இன்னும் ஊறவில்லை. பிசையும்போது கோதுமையின் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி குளுட்டன் வலையாகின்றன. பிசைந்து முடித்த உடனே அந்த வலை இறுக்கமாக இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். அறைச் சூட்டில் மூடிவைத்து அரை மணி நேரம் விட்டால் இறுக்கம் தளரும். கையின் பலத்தால் இதை வெல்ல முடியாது. வென்றதாக நினைத்தால் தகடு ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் தடியாகவும் போய் நிற்கும்.

வகுப்பில் நேரம் குறைவு என்பதால் சில இடங்களில் பத்து நிமிடத்திலேயே தேய்க்கச் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் கொஞ்சம் தேய்த்து, மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொடருங்கள். இடையில் பூரணம் தயார் செய்யலாம். குளிர்பெட்டியில் வைத்தால் மாவு மேலும் இறுகும் என்பதால் குறுகிய ஊறலுக்கு அது வேண்டாம்.

சுருங்குகிற மாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் அபூர்வம்: பிசைந்தது போதவில்லை. உருண்டையைக் கத்தியால் பாதியாக வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகம் வழவழப்பாக, சீரான மஞ்சளாக இருந்தால் பிசைந்தது போதும். வெள்ளை மாவுக் கோடுகளும் சிறு ஓட்டைகளும் தெரிந்தால், இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இன்னும் ஐந்து நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளிப் பிசைந்துவிட்டு, மறுபடி ஊறவிடுங்கள்.

நடுவில் தடி, ஓரத்தில் மெல்லிசு, அல்லது கிழிந்துவிட்டது

வகுப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் அதிகம் திணறியதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சப்பாத்திக் கட்டையால் நாம் கீழ்நோக்கி அழுத்துகிறோம். வட்டம் சிறியது, அழுத்தம் நேரே பலகைக்குப் போகிறது. மத்தரெல்லோ ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம் இருக்கும். அதனால் கீழே அழுத்தினால் நடுவில் பள்ளமும் இரு பக்கமும் மேடுமாகத்தான் வரும். அதன் வேலை மாவை வெளிப்பக்கமாக இழுப்பது. நடுவிலிருந்து தொடங்கி, உங்களிடமிருந்து விலகும் திசையில் தள்ளி, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். விளிம்பைத் தாண்டித் தேய்த்தால் அது கண்ணாடித்தாள் போலாகிவிடும், நடு அப்படியே கிடக்கும். பிறகு தகட்டைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி நடுவிலிருந்து.

தகடு பெரிதானதும் அடுத்த உத்தி. எதிர் ஓரத்தைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் உருட்டும்போதே இரண்டு கைகளையும் நடுவிலிருந்து கட்டையின் முனைகளை நோக்கி வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்த வழுக்கலில்தான் தகடு அகலமாகிறது. ஸ்ஃபோல்யீனாக்கள் தகட்டின் ஒரு பகுதியைப் பலகையின் முன் விளிம்பில் தொங்கவிட்டிருப்பதைக் கவனியுங்கள். தொங்கும் எடையே மெல்ல இழுக்கும், அவர்களுடைய இடுப்பு அதைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருக்கும். ஏப்ரன் ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தகடு கட்டையின் கீழே வழுக்கிக்கொண்டே போகிறதா? தூவிய மாவு அதிகம். பிடிப்பு இருந்தால்தான் நீளும். தூசைத் தட்டிவிட்டு, வெறும் மரப்பலகையில் தேயுங்கள். மரப்பலகைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இதுவே காரணம். அதன் சொரசொரப்பு மாவைப் பிடித்துக்கொள்வதோடு, தகட்டிலும் பதிகிறது.

எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? உயர்த்திப் பிடித்தால் அதன் ஊடே சான் லூக்கா தெரிய வேண்டும் என்று பொலோன்யாவில் சொல்வார்கள். ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் தேவாலயம் அது. வகுப்பறையிலிருந்து அது தெரியாது. ஆகவே தகட்டின் அடியில் உங்கள் கையை வைத்து, விரல்களின் உருவம் நிழலாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கிழிந்துவிட்டால்: தகடு இன்னும் தடியாக இருக்கும்போதே கிழிந்தது என்றால், ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, ஈர விரலால் தொட்டு ஓட்டையின் மேல் ஒட்டித் தேய்த்துவிடலாம். மெல்லியதானபின் கிழிந்தால் தொடாதீர்கள். அந்தப் பகுதியை ஒதுக்கி வெட்டுங்கள். ஒதுக்கிய துண்டுகளுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: மால்தால்யாத்தி, அதாவது தாறுமாறாக வெட்டியவை. பீன்ஸ் சூப்பில் போட அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெட்டிய தாலியாதெல்லே (நாடாப் பாஸ்தா) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது

தகடு ஈரமாக இருக்கும்போதே சுருட்டி வெட்டிவிட்டீர்கள். விரித்த தகட்டைப் பலகையின் மேலோ சுத்தமான துணியின் மேலோ சில நிமிடங்கள் காயவிட்டு, ஒருமுறை திருப்பிப்போட வேண்டும். புறங்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஆனால் மடித்தால் வெடிக்கவும் கூடாது. இப்போதைக்கு, ஒட்டியதை உடனே உதறிப் பிரித்து, ரவையைத் தூவிக் கூடு போலச் சுற்றிவையுங்கள். மைதா போன்ற மெல்லிய மாவைத் தூவினால் அது ஈரத்தோடு குழைந்து மேலும் ஒட்டும்.

அகலம் பற்றிக் கேட்பவர்களுக்கு: வெந்த தாலியாதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972 ஏப்ரல் 16 அன்று பொலோன்யா வணிகச் சபையில் பதிவுசெய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். ஊரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தை 12,270ஆல் வகுத்தால் வரும் அளவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 97 மீட்டருக்குச் சற்று அதிகமான கோபுரம். வகுத்துப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. வேகும்போது அகலும் என்பதால் பச்சையாக வெட்டும்போது கொஞ்சம் குறுகலாக வெட்டுங்கள்.

மடித்தால் ஓரம் ஒட்டவில்லை, மூலை வெடிக்கிறது

இது முன்னதற்கு நேர் எதிர். தகடு காய்ந்துவிட்டது. தாலியாதெல்லேக்குத் தேவையான அதே காய்ச்சல் தொர்தெல்லோனிக்கு ஆகாது. இரண்டையும் ஒரே வகுப்பில் செய்வார்கள் என்பதால்தான் பலரும் குழம்புகிறார்கள். பூரணம் வைக்கப்போகும் தகடு தேய்த்து முடித்த கணமே சதுரங்களாக வெட்டப்பட வேண்டும். உடனே மடிக்க முடியாத சதுரங்களின் மேல் துணியோ பிளாஸ்டிக் தாளோ கிடக்க வேண்டும். பக்கத்தில் திறந்த சன்னலோ ஏசியின் காற்றோ இருந்தால் இடம் மாறி நில்லுங்கள்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, அடுத்தடுத்த இரண்டு ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவி மடியுங்கள். நான்கு ஓரங்களிலும் தடவினால் வழுக்கும். முதல் சில மடிப்புகள் மெதுவாகத்தான் வரும். அதுவரை ஒரே நேரத்தில் ஆறேழு சதுரங்களுக்கு மேல் வெட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

கொதிநீரில் வாய் திறந்துவிட்டது

தொடக்கத்தில் சொன்ன என் கதை. சரிபார்க்கும் வரிசை: முதலில் பூரணத்தின் ஈரம். ரிக்கோட்டாவை முன்கூட்டியே வடிகட்டியில் போட்டு நீர் இறக்க வேண்டும், வெந்த கீரையைக் கையால் இறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்துவிட்டேன் என்று தோன்றியபின் இன்னொருமுறை பிழியுங்கள். அடுத்தது பூரணத்தின் அளவு. கொழுக்கட்டைக்கு வைப்பது போல நிறைய வைத்துவிடுவோம், மூடும்போது ஓரத்தில் பூரணம் பிதுங்கிப் பட்டாலே அந்த இடம் ஒட்டாது. மூன்றாவது, உள்ளே சிக்கிய காற்று. மூடும் முன் பூரணத்தைச் சுற்றி விரலால் அழுத்திக் காற்றை வெளியே தள்ளுங்கள். சூட்டில் அது விரிந்து மாவைக் கிழிக்கும். கடைசியாகத்தான் பானை: தளதளவென்று கொதிக்கும் நீரில் பூரணப் பாஸ்தாவைப் போடக் கூடாது, மெல்லச் சலசலத்தால் போதும்.

வெளியே குழைந்தது, மடிப்பு மட்டும் கடுக்கென்று இருக்கிறது

இன்னும் இரண்டு நிமிடம் வேகவிட்டால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது, மற்ற பகுதி கூழாகும். மடிப்பில் இரண்டு தகடுகள் சேருகின்றன. தகடே தடியாக இருந்தால் அங்கே இரட்டிப்புத் தடி. ஆக, இது தேய்க்கும்போதே நேர்ந்த குறை. அன்றைக்குச் செய்யக்கூடியது, மீதி இருப்பவற்றின் மடிப்பு ஓரங்களை வேகவைக்கும் முன் விரல்களுக்கிடையில் அழுத்தி மெல்லியதாக்குவதுதான். சரியாகத் தேய்த்த புதுப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிடும். தண்ணீர் லிட்டருக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

சாஸ் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடுகிறது

பாஸ்தாவைக் குழாய் நீரில் அலசினீர்களா? தண்ணீரில் எண்ணெய் விட்டீர்களா? இரண்டும் வேண்டாம். வெந்ததை நேரே சாஸ் இருக்கும் சட்டிக்கு மாற்றி, வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி சேர்த்து, அடுப்பின் மேலேயே புரட்டுங்கள். அந்த நீரில் இருக்கும் மாவுச்சத்து சாஸைப் பிடித்துக்கொடுக்கும். இயந்திரத்தின் எஃகு உருளையில் தேய்த்த தகடு வழவழப்பாக இருக்கும், அதில் சாஸ் அவ்வளவாகத் தங்காது.

அவர் என் கையிலிருந்து வாங்கி, தானே முடித்துவிடுகிறார்

மாவைப் பற்றிய குறைகளைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது. நான் திணறும்போது அந்த அம்மா அன்போடு "ஃபாச்சோ இயோ" என்பார். நான் செய்கிறேன் என்று பொருள். முப்பது விநாடியில் அழகான வட்டம் வந்துவிடும். என் கை எதையும் கற்றிருக்காது. இரண்டாம் வகுப்பில் "ப்ரோவோ இயோ, சின்யோரா" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். நானே முயல்கிறேன் அம்மா என்று அர்த்தம். உடனே கட்டையைத் திருப்பிக் கொடுத்து, என் கைகளின் மேல் தன் கைகளை வைத்துத் தள்ளிக் காட்டினார். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அந்த ஒரு தள்ளலில்தான் தெரிந்துகொண்டேன்.

மொழி புரியாத வகுப்பில் நான்கைந்து சொற்கள் போதும். "பியானோ" என்றால் மெதுவாக. "அங்கோரா" என்றால் இன்னும் கொஞ்சம். "பாஸ்தா" என்றால் போதும், நிறுத்து என்றும் பொருள். எழுத்தில் வேறுபட்டாலும் நம் காதுக்கு உணவின் பெயர் போலவே கேட்கும், கையசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். "பியூ சொத்தீலே" என்றால் இன்னும் மெல்லியதாக.

பாரியில்: ஒரெக்கியெத்தே சுருளவில்லை

பூல்யா பகுதியின் தலைநகரான பாரியின் பழைய நகரத்தில், வீட்டு வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே செய்யும் பெண்களைப் பார்க்கலாம். சின்னக் காது என்று பொருள். மறுமுறை அரைத்த துரம் கோதுமை ரவையும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான் மாவு, ரவையின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். கயிறாக உருட்டி, சிறு துண்டாக வெட்டி, மழுங்கிய கத்தியால் பலகையின் மேல் உங்களை நோக்கி இழுத்து, கட்டைவிரலின் மேல் திருப்பிவிடுவார்கள்.

கத்தியின் கீழே துண்டு சுருளாமல் வழுக்கினால் பலகையில் மாவு தூவியிருக்கிறீர்கள், துடைத்துவிடுங்கள். கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மாவில் தண்ணீர் அதிகம். ஓரம் பிளந்தால் குறைவு, அல்லது கயிறு திறந்த காற்றில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. இழுத்த துண்டின் முதுகில் சொரசொரப்பு இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அங்கே வந்தது, வீட்டில் வரவில்லை

முட்டையை எண்ணாமல் எடை போடுங்கள். நம் கடையில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் அங்கே பார்த்ததைவிடச் சிறியது. ஓடு நீக்கி 50 கிராம் தேறவில்லையென்றால், குறைகிற அளவுக்கு இன்னொரு முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்க்கலாம். மஞ்சள் நிறம் வெளிறி இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்தது, மாவின் குணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மைதாவில் செய்தால் மாவு சீக்கிரம் தளர்ந்துவிடும், அதில் கால் பங்கு நைஸ் ரவை கலந்தால் கொஞ்சம் பிடிப்பு வரும். நீளமான கட்டை இல்லையென்றால் மாவை நான்கு பாகமாக்கி, ஒவ்வொன்றையும் சப்பாத்திக் கட்டையாலேயே, அழுத்தாமல், வெளியே தள்ளித் தேயுங்கள். மத்தரெல்லோ வாங்கி வருவதென்றால் செக்-இன் பெட்டியில் போடுங்கள், அவ்வளவு நீளக் கட்டையைக் கைப்பையோடு விடமாட்டார்கள்.

தகடு இரண்டே நிமிடத்தில் வெடிக்கிறது என்று ஊர் திரும்பியபின் ஒரு வாரம் குழம்பினேன். மாவை மாற்றினேன், முட்டையை மாற்றினேன். மேலே நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.